அவர்கள் ராத்திரிக்கு எங்கள் பகல்

1

போன வாரம் திருவானைக்காவலில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் படம்தான் வந்தது. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு தொன்னை. நடுவில் அம்மா, வழக்கம்போலக் கேமராவைப் பார்க்காமல், யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறாள். விசேஷம் எந்தச் சாமிக்கும் இல்லை. ஒரு போன் பொத்தானுக்கு ஒரு வயது நிறைந்ததற்காக.

பொத்தானுக்கு எதற்குப் பொங்கல் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இருப்பது கனடாவில். உடனே டொராண்டோவா என்று கேட்காதீர்கள். சாஸ்கட்டூன். இந்தப் பெயரைச் சொன்னதும் நம்மூர்க்காரர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும், எனக்குப் பழகிவிட்டது. கண்ணுக்கு எட்டிய வரை கோதுமை, அது முடிந்தால் பனி. மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விவசாயிகள் பையில் கட்டி அனுப்பும் மண்ணில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்துச் சொல்வேன். அப்பா துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காலமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டினார். ஓய்வு பெற்றதும் திருவானைக்காவலில் ஒரு வீடு வாங்கினார், அதில் அதிக நாள் இருக்கக் கொடுத்து வைக்கவில்லை. இப்போது அங்கே அம்மா தனியாக இருக்கிறாள்.

செவ்வாயும் வியாழனும் காலை பத்தரை மணிக்கு, மண் பைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, போனை மேஜை நடுவில் வைத்து, "சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்று தமிழில் சொல்வேன். அடுத்த மேஜையில் இருக்கும் டெப்ரா என்கிற அம்மையாருக்கு நான் ஏதோ தன்னார்வத் தீயணைப்பு வீரன் என்று நினைப்பு. இரண்டு முறை விளக்கிச் சொல்லியும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் நினைப்பது பெரிய தப்பும் இல்லை.

2

எல்லாம் ஒரு கை அசைப்பில் தொடங்கியது.

அம்மா பி.டி. டீச்சராக இருந்தவள். கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தவள். ஓட்டத்தில் விழுந்து முட்டி பெயர்ந்த பிள்ளைகளிடம் அவள் சொல்வது எனக்குப் பாடம்: "ஒண்ணுமில்ல, எந்திரி. தேய்ச்சு விட்டுட்டு ஓடு." வீட்டிலும் அதே சட்டம். அப்பா செத்த அன்றைக்குக்கூட, ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் "ஒண்ணுமில்ல, உக்காருங்க" என்றாள். அவளுக்கு வாழ்க்கையில் வந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மருந்து.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் பேசுவோம். என் மகள் மலருக்குப் பதினைந்து வயது. அவளுக்கு இந்த அழைப்பு ஒரு கடமை. "ஹாய் அப்பாயி" என்பாள், இரண்டு வார்த்தை தமிழ் பேசுவாள், மூன்றாவது வார்த்தையில் ஆங்கிலத்துக்குத் தாவி அப்படியே அறைக்குள் போய்விடுவாள். ஒரு ஞாயிறு போகிற போக்கில் கேட்டாள், அப்பாயி ஏன் இப்போதெல்லாம் இடது கையாலேயே டாட்டா காட்டுகிறாள் என்று.

எனக்குச் சுருக்கென்றது. திரும்பக் கூப்பிட்டேன். "அம்மா, வலது கையைக் காட்டு."

"எதுக்குடா?"

"காட்டும்மா."

காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்து வாரக்கணக்கில் ஆகியிருக்கிறது. அத்தனை நாளும் கையைப் படத்துக்குக் கீழேயே வைத்துக்கொண்டு என்னோடு பேசியிருக்கிறாள்.

"ஒண்ணுமில்லடா. பிரிக்கிற நேரமே வந்தாச்சு."

மண்ணைப் பார்த்தால் அதில் என்ன இல்லை என்று சொல்லிவிடும் எனக்கு, பெற்ற தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. அன்று எனக்கு வந்தது கோபம். கோபத்தோடுதான் டிக்கெட் போட்டேன்.

3

அம்மாவை இங்கே கூட்டிவரும் கதையைத் தனியாக எழுத வேண்டும். பெற்றோருக்கான விசாவுக்கு இங்கே கேட்கும் காகிதங்களைச் சேர்ப்பதற்குள் பெற்றோருக்கு வயது கூடிவிடும். ஒரு முறை எல்லாம் சரியாகி, மருத்துவப் பரிசோதனையும் முடிந்து, கடைசிப் படியில் அம்மா கேட்டாள்: "அங்க வந்து நான் யாரை அதட்டுறது?" அதோடு முடிந்தது.

ஓய்வூதியத்துக்காக வருடத்துக்கு ஒரு முறை அம்மா, தான் உயிரோடு இருப்பதை அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போவதைப் போலக் கிளம்பிப் போவாள். அரசாங்கத்துக்கு வருடத்தில் ஒரு நாள் போதும். எனக்குத் தினமும் அந்தச் சான்று வேண்டியிருந்தது. அதைத் தர வேண்டியவளோ "ஒண்ணுமில்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த முறை வேறு திட்டத்தோடு போனேன். கோயம்புத்தூர் பக்கம், வயதானவர்களுக்கென்று கட்டிய ஒரு வளாகம். நர்ஸ் இருக்கிறார்கள், கைப்பிடி வைத்த குளியலறை இருக்கிறது, மணி அடித்தால் ஆள் வருகிறது. படங்களைக் காட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்லையே."

எங்கள் குடியிருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ஒருவர், அல்லது இருவர். எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது. பிள்ளைகளெல்லாம் வெளியே. பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைப்பதில் எங்கள் மாநிலத்துக்கு இணை கிடையாது என்று பெருமைப்படுவோமே, அந்தப் பெருமையின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் கார் நிறுத்துமிடத்துக்கு வர வேண்டும். வீட்டுக்கொரு கட்டம், கட்டத்துக்குள் வெள்ளைப் பெயின்டில் வீட்டு எண், கார்தான் இல்லை.

4

நான் போன இரண்டாவது வாரம் வரதன் சார் இறந்துபோனார்.

இரண்டாவது மாடி. மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாக இருந்தவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பால் கொண்டுவந்தவர்தான் பார்த்தார். வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசல்படிக்கு உள்ளே ஒரு நாற்காலி, அதில் வரதன் சார். நாற்காலி எதிர் வீட்டுக் கதவைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது.

என்ன நடந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ராத்திரியில் நெஞ்சு வலித்திருக்கிறது. எழுந்து வந்து கதவைத் திறந்திருக்கிறார். எதிர் வீட்டு மணியை அடிக்க மனசு வரவில்லை. அவர்கள் விழித்துக் கதவைத் திறக்கட்டும், அதுவரை இருந்துவிடலாம் என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

எதிர் வீடு அருளப்பன் சாருடையது. திருச்சி கோட்டத்தில் ரயில்வே கண்ட்ரோலராக இருந்தவர். எந்த ரயிலை விடுவது, எந்த ரயிலை நிறுத்துவது என்று காதில் போனோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிற வேலை. தகனம் எல்லாம் முடிந்த மறுநாள் சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். அருளப்பன் சார் பேச ஆரம்பித்தபோது குரல் உடைந்திருந்தது.

"எழுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்? என் தூக்கம் கெட்டிருக்கும். சர்வீஸ் பூரா ராத்திரி முழிச்சே வேலை பாத்தவன்ங்க நான். என்னை எழுப்ப அவருக்குச் சங்கடமா இருந்திருக்கு பாருங்க."

யாரோ ஒவ்வொரு வீட்டுக்கும் அவசர மணி வைக்கலாம் என்றார்கள். இன்னொருவர் கேமரா என்றார். நாலாவது மாடி கோதை மாமிதான் சங்கத்துச் செயலாளர். அவர் மெதுவாகச் சொன்னார்: "மணி இல்லாமயா போச்சு? எதிராத்துல மணி இருக்கே. அவர் பண்ணினதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. நானா இருந்தாலும் அதையேதான் பண்ணியிருப்பேன்."

கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். இன்னும் பிரிக்காத மாவுக்கட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் விழுந்தவள் விடியும் வரை அங்கேயேதான் கிடந்திருக்கிறாள் என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்தது.

அப்போது அருளப்பன் சார் சம்பந்தமே இல்லாமல் என்னிடம் கேட்டார். "தம்பி, இங்க ராத்திரி பன்னெண்டுன்னா உங்க ஊர்ல என்ன மணி?"

"மதியம் பன்னெண்டரை சார்."

"என்ன பண்ணிக்கிட்டிருப்பீங்க?"

"சாப்பிட்டுக்கிட்டிருப்பேன்."

"முழிச்சுத்தானே இருப்பீங்க?" என்றார். பிறகு எல்லாரையும் பார்த்தார். "தூங்குறவங்களை எழுப்பத்தாங்க நமக்குச் சங்கடம். முழிச்சிருக்கிற ஆளைக் கூப்பிட என்ன சங்கடம்? நம்ம பிள்ளைங்க பாதிப் பேரு அந்த நேரத்துக்குப் பட்டப்பகல்ல உக்காந்திருக்காங்க. நாம அவங்களைக் கூப்பிடுவோம். இங்க யாரை எழுப்பணுமோ அவங்க எழுப்பட்டும். திட்டு வாங்குறதா இருந்தாலும் அவங்க வாங்கட்டும்."

இவ்வளவுதான் யோசனை. நான் வெளிநாட்டில் என்னென்னவோ முதியோர் நலத் திட்டங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். மனுஷனைக் கொல்வது நோயைவிட அதிகமாக அவனுடைய சங்கோஜம்தான் என்று கண்டுபிடித்து, அந்தச் சங்கோஜத்துக்கு ஒரு மாற்றுப்பாதை போட்டுக் கொடுத்த திட்டத்தை எங்கும் கண்டதில்லை.

ராத்திரி அம்மாவிடம் கோயம்புத்தூர் பேச்சை மறுபடி எடுத்தேன். "ஒரு வருஷம் பாருடா," என்றாள். "இது சரிப்பட்டு வரலைன்னு உனக்குத் தோணுச்சுன்னா, நீ சொல்ற இடத்துக்கு வாயைத் திறக்காம வரேன்."

அம்மா கொடுத்த வாக்கை மீறி நான் பார்த்ததில்லை. சரி என்றேன்.

5

பிள்ளைகளில் மென்பொருள் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? ஒரே வாரத்தில் எல்லார் போனிலும் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் வந்துவிட்டது. அமுக்கினால் அன்றைக்கு டூட்டியில் இருக்கிறவருக்கு மணி அடிக்கும். இந்திய நேரம் ராத்திரி பத்திலிருந்து இரண்டரை வரை அமெரிக்கா, கனடா பக்கம் இருக்கும் நாங்கள். இரண்டரைக்கு மேல் சிட்னிக்காரர்கள், அவர்களுக்கு அப்போது காலை.

சட்டதிட்டமெல்லாம் அருளப்பன் சார் வகுத்தது, அத்தனையும் ரயில்வே வாசனை. போனை எடுத்தால் "லைன்ல இருக்கேன், சொல்லுங்க" என்றுதான் தொடங்க வேண்டும். டூட்டி மாறும்போது அடுத்தவரைக் கூப்பிட்டு, யாருக்கு என்ன என்று வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அவர் "சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லும் வரை நாம் விலகக் கூடாது. கூப்பிடுகிறவர்களுக்கு இருந்தது ஒரே விதி. இந்த லைனில் "ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்லக் கூடாது.

இதைக் கேட்டதும் அம்மா, "அப்ப என்னத்தப் பேசுறது?" என்று கேட்டாளாம்.

வீடுகளுக்குள் சாவி மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டு மாற்றுச் சாவியும் வேறு மாடியில் ஒருவரிடம். எங்கள் அம்மாவின் சாவி கோதை மாமியிடம். மாமி தன் வீட்டுச் சாவியை அருளப்பன் சார் கையில் கொடுத்தார். இதை நான் ஊரில் இருந்தபோதே பார்த்தேன். மடி, ஆசாரம் பார்க்கிற வீடு. இத்தனை வருடத்தில் அந்த அடுக்களைக்குள் எங்கள் அம்மாவே போனதில்லை. அருளப்பன் சார் வீட்டில் ஞாயிறன்று மீன் மணக்கும். சாவியை வாங்கிக்கொள்ள அவர்தான் தயங்கினார்.

"உள்ள பெருமாள் இருக்கார்," என்றார் மாமி. "செருப்பை மட்டும் வாசல்ல விட்டுட்டு வாங்கோ. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார் அவர். ஊர் எத்தனையோ காலமாகப் பேசித் தீர்க்காத விஷயம் அங்கே சத்தமில்லாமல் கை மாறியது. சுற்றி நின்ற யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகக்கூடத் தெரியவில்லை.

தொடக்கத்தில் ஒரு குளறுபடியும் நடந்தது. ஹூஸ்டனில் இருக்கும் வைதேகி கோதை மாமியின் மகள், திங்களும் புதனும் அவர் முறை. வசந்த காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அவர் பழைய கணக்கிலேயே இருந்துவிட, அன்று ஒரு மணி நேரம் லைனில் ஆளில்லை. அருளப்பன் சார் துடித்துப் போய்விட்டார். பிறகுதான் எங்கள் சாஸ்கட்டூனில் கடிகாரத்தை எந்தக் காலத்திலும் தொடுவதில்லை என்பது அவருக்குத் தெரியவந்தது. "தம்பி, உங்க ஊருதான் ரயில்வேக்கு ஏத்த ஊரு," என்றார். சாஸ்கட்டூனைப் பற்றி ஒரு தமிழர் சொல்லி நான் கேட்ட முதல் பாராட்டு அது.

என்னென்ன அழைப்புகள் வந்தன தெரியுமா? மாத்திரை போட்டோமா இல்லையா என்ற சந்தேகம். மின்விசிறி நின்றுபோய்ப் புழுங்குகிறது. மூச்சு முட்டுகிறது. இரண்டு முறை ஆம்புலன்ஸ் வரை போனது, இரண்டு பேரும் பிழைத்து வந்து போன வாரப் பொங்கலை வாங்கிச் சாப்பிட்டவர்கள் வரிசையில் இருக்கிறார்கள். தூக்கம் வராமல் பேசுகிறவர்கள்தான் அதிகம். பள்ளி விடுமுறையில் ஒருநாள் மலர் என்னோடு அலுவலகத்துக்கு வந்திருந்தாள். நான் ஒரு நிமிடம் எழுந்து போன நேரத்தில் மணி அடிக்க, அவளே எடுத்து, "தாத்தா, உங்களுக்கு தூக்கம் வரமாட்டாளா?" என்று கேட்டுவைத்தாள். முதல் மாடிப் பெரியவர் சிரித்த சிரிப்பு அறைக்கு வெளியே கேட்டது. அதற்காக அவள் தமிழில் கரை கண்டுவிட்டாள் என்று நினைக்காதீர்கள். இன்றும் என்னிடம் ஆங்கிலம்தான். அந்தத் தாத்தா தூங்கினாரா என்று மட்டும் அவ்வப்போது கேட்பாள்.

அம்மா மட்டும் கூப்பிடவே இல்லை. செவ்வாய், வியாழன் என்று மாதக் கணக்கில் காத்திருந்தேன். நன்றாக இருக்கிறாள் போலும் என்று தேற்றிக்கொண்டேன். ஒருநாள் வேறு எதற்கோ பேசும்போது வைதேகி கேட்டார்: "டீச்சருக்கு முட்டி வலி தேவலையா?"

"என்ன முட்டி வலி?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். புதன்கிழமைல அடிக்கடி கூப்பிடுவா. படி இறங்கப் பயமா இருக்குன்னு சொன்னா."

எனக்கு ஏற்பட்டது பொறாமைதான், வேறு பெயர் அதற்கில்லை. என் அம்மாவின் முட்டி ஹூஸ்டனுக்குத் தெரிந்திருக்கிறது. கொஞ்சம் ஆறியதும் எனக்கு இன்னொன்று தோன்றியது. கோதை மாமி கூப்பிடுவதெல்லாம் என் நாட்களில்தான். வீட்டில் பேச ஆளில்லாமல் மாமி தனியாக அழுவது எனக்குத் தெரியும். அதை வைதேகியிடம் சொல்லக் கூடாது, லைனில் கேட்டது லைனோடு போக வேண்டும் என்பதும் சட்டம். விசாரித்தால் எல்லா வீட்டிலும் இதே கதை. பெற்ற பிள்ளை டூட்டியில் இல்லாத நாளாகப் பார்த்து, அடுத்தவர் பிள்ளையிடம் மனசைக் கொட்டியிருக்கிறார்கள். அம்மா அப்பாக்களை எங்களுக்குள் மாற்றிப் போட்டுக்கொண்டோம், சாவிகளை மாற்றிக்கொண்ட மாதிரி.

அருளப்பன் சாரிடம் கேட்டேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "பெத்த பிள்ளைகிட்டப் பொய்தான் தம்பி வரும். நான் மட்டும் என் மகன்கிட்ட உண்மை பேசுறேனா?"

6

செய்தி பரவியது. பாலக்கரைப் பக்கமிருந்து, வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் சில தெருக்காரர்கள் வந்து விசாரித்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சிக்கல். ஊரில் ராத்திரி என்றால் அங்கேயும் கிட்டத்தட்ட ராத்திரிதான். கூடி யோசித்து, அங்கே ராத்திரி ஷிஃப்டில் காவல் வேலை பார்க்கிற பையன்களாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்துவிட்டார்கள். யாருடைய கட்டடத்தையோ காவல் காத்துக்கொண்டே அவர்கள் தங்கள் தெருவையும் காவல் காக்கிறார்கள். மணப்பாறைப் பக்கம் ஒரு ஊரில் பிள்ளைகள் வெளிநாட்டில் இல்லை, திருப்பூரில் இருக்கிறார்கள். அங்கே மில்லில் இரவு வேலை பார்க்கும் பெண்கள் இடைவேளையில் லைனை எடுக்கிறார்களாம்.

இவர்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. சங்கடம் வந்தது, உட்கார்ந்து பேசினார்கள், கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள். கையில் இருந்தது என்னவோ எங்கள் பிரிவு மட்டும்தான். அதையே எடுத்து உபயோகப்படுத்திவிட்டார்கள். நினைக்க நினைக்க எனக்கு மலைப்புத் தீரவில்லை.

7

இத்தனை மலைப்புக்கு நடுவிலும் ஒன்று மனசை அரித்தது. ஒரு வருடம் முடிந்துவிட்டது. அம்மாவோடு பேசிய கெடு. லைன் ஊருக்கெல்லாம் சரிப்பட்டு வந்தது. எனக்கு? ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா இன்னும் "ஒண்ணுமில்லடா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பொங்கல் படத்தைப் பார்த்த அன்று, கோயம்புத்தூர் வளாகத்துக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டு எழுதினேன். இருக்கிறது, வாரக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போகும்போது மணி அடித்தது.

"லைன்ல இருக்கேன், சொல்லுங்க."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அவசரப்படுத்தக் கூடாது என்பது சட்டம். காத்திருந்தேன்.

"மூணாவது மாடி."

அம்மாவின் குரல். என் வாயில் வந்ததும் சட்டப்படியேதான் வந்தது. "சொல்லுங்க."

"ஒண்ணும்..." என்று தொடங்கி நிறுத்தினாள். "வேர்த்துக் கொட்டுது. கை நடுங்குது. எந்திரிக்கப் பாத்தேன், முடியல. பயமா இருக்கு."

பயமா இருக்கு என்ற வார்த்தையை அம்மா வாயால் நான் அதுவரை கேட்டதில்லை.

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிடப் பிடிக்கல. சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டேன்."

"பக்கத்துல இனிப்பா ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"அப்படியே படுத்திருங்க. லைனை வைக்காதீங்க. மாமியை எழுப்பறேன்."

"பாவம், தூங்கிட்டிருப்பா..."

"எழுப்பறது என் வேலை."

அலுவலகப் போனை எடுத்து மாமியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "டீச்சர், சர்க்கரை இறங்கியிருக்கு" என்று சொல்வதற்குள் அவர் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு இந்தப் போனில் அம்மா வீட்டுச் சாவி திரும்பியது, வளையல் சத்தம் ஓடியது. "டீச்சர், நான் வந்துட்டேன்." அடுக்களையில் டப்பாக்கள் உருண்டன. "சீனியை எங்க வெச்சிருக்கேள்?" ஒரு டம்ளரில் கரண்டி வேகமாகச் சுற்றியது. பின்னாலேயே அருளப்பன் சாரின் குரல், டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டு. நான் சாஸ்கட்டூனில் மண் பைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொரு சத்தத்தையும் பிடித்துக்கொண்டிருந்தேன். டெப்ரா எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், என் பக்கத்தில் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா பேசினாள். குரல் தெளிந்திருந்தது.

"குமரா."

"சொல்லும்மா."

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல. ஏம்மா, இன்னைக்கு வியாழக்கிழமை, என் டூட்டிங்கறது மறந்துபோச்சா?"

"மறக்கலடா," என்றாள் அம்மா. "வைதேகியா இருந்தா உடனே அமுக்கியிருப்பேன். நீயின்னதும் கை வரல. அப்புறம் நெனச்சேன், யாரோ பெத்த பிள்ளைகிட்டச் சொல்றதை நான் பெத்த பிள்ளைகிட்டச் சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவேன்னு."

திறக்காத சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

மூன்று மணிக்கு சிட்னிக்கு ஒப்படைக்க வேண்டும். அன்று டூட்டி ரியாஸ், எங்கள் குடியிருப்பின் முதல் மாடிப் பையன். குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்.

"மூணாவது மாடி, டீச்சர். சர்க்கரை இறங்கிடுச்சு. சீனித் தண்ணி குடிச்சு, கொஞ்சம் இட்லியும் சாப்பிட்டிருக்காங்க. டாக்டர் போன்ல பேசிட்டாரு. மாமி பக்கத்துலயே படுத்திருக்காங்க. விடியறதுக்குள்ள ஒரு தடவை கூப்பிட்டுக் கேக்கணும்."

"அண்ணே, டீச்சர்னா உங்க அம்மால்ல?"

"ஆமா ரியாஸ்."

"நான் பாத்துக்கறேண்ணே. சார்ஜ் எடுத்துக்கிட்டேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மா வலது கையால் டாட்டா காட்டினாள். எப்படிம்மா இருக்கே என்று கேட்டேன். வழக்கமான பதிலுக்கு வாயெடுத்தவள், நிறுத்தினாள். பிறகு ஆரம்பித்தாள். முட்டி வலி, இடது கண்ணில் மங்கல், ராத்திரியில் இரண்டு முறை முழிப்பு, புது மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது, மாமி போடும் காப்பியில் கசப்பு அதிகம். சொல்லிக்கொண்டே போனாள். மலர்கூட அறைக்குப் போகாமல் பக்கத்தில் நின்று கேட்டாள். அம்மா புகார் சொல்லச் சொல்ல எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கோயம்புத்தூருக்கு அன்றைக்கே எழுதிப் போட்டுவிட்டேன், இடம் வேண்டாம் என்று.